டும் சொல்லாத பிள்ளை

பொற்கொடி டீச்சரைவிட நாச்சிமுத்து சார் நன்றாகவே மூத்தவர். தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் அந்தத் தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே, தலைமையாசிரியையாக இருந்த அந்தச் சின்னப் பெண்ணிடம் போய் நின்றார்.

"இத்தன வருசமா டியூசன்ல பிள்ளைகள மெரட்டியே கணக்குச் சொல்லிக் குடுத்துட்டேனுங்க டீச்சர். மெரட்டாம எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு நீங்கதான் கத்துக் குடுக்கோணும்."

"பிள்ளைங்ககூட விளையாடுங்க சார்" என்றார் டீச்சர். உபதேசம் அவ்வளவுதான்.

நாச்சிமுத்து அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பிரம்பைப் பரண்மேல் போட்டார். புளியங்கொட்டையில் கூட்டல், தாயக்கட்டையில் பெருக்கல், தரையில் எண்களை எழுதி நொண்டியடித்துக் கழித்தல் என்று வகுப்பில் ஒரே அமர்க்களம். அதில் அவருக்கு உயிரானது வெள்ளிக்கிழமை டும் விளையாட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக நின்று ஆளுக்கொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். மூன்றாம் வாய்ப்பாட்டில் வருகிற எண் யாருக்கு வந்தாலும், எண்ணைச் சொல்லாமல் 'டும்' என்று சொல்ல வேண்டும். தப்பினால் அவுட், சுவரோரம் போய் உட்கார வேண்டியதுதான். கடைசிவரை நிற்கிற பிள்ளைக்குக் கடலை மிட்டாய். கூச்சல் தெருமுனைவரை கேட்கும். மனிதருக்குப் பெருமை பிடிபடாது.

ஒரு திங்கட்கிழமை சஷ்டிகாவின் அம்மா வந்தாள்.

"வெள்ளிக்கெழமயானா வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்கறாளுங்க சார். டும் விளையாட்டு வேண்டாம்னு அழுகறா. வேற ஸ்கூல்ல சேத்தி உட்டறலாம்னு அவங்கப்பா சொல்றாருங்க."

நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மாலையில் டீச்சரிடம் போனார்.

"பிரம்ப எடுக்கலீங்க. ஒரு அதட்டல் போடலீங்க. விளையாட்டுத்தானுங்க வெக்கறேன். விளையாட்டுக்குப் போயி ஒரு கொழந்த எதுக்குங்க பயப்படோணும்?"

டீச்சர் கையிலிருந்த நோட்டை மூடினார்.

"இந்த வெள்ளிக்கெழம நானும் வர்றேன் சார். என்னையும் ஆட்டத்துல சேத்துக்குங்க."

சஷ்டிகாவை அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அனுப்பச் சொல்லி அவள் அம்மாவிடம் டீச்சரே போய்ப் பேசினார்.

ஆட்டம் தொடங்கியது. ஆறு சஷ்டிகாவுக்கு வந்தது. டும் சொல்ல வேண்டியவள் "ஆறு" என்று பளிச்சென்று சொல்லிவிட்டு, யாரும் சொல்வதற்குமுன் தானே சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு டீச்சருக்கு வந்தது.

"பன்னெண்டு" என்றார் டீச்சர்.

"ஐ! பெரிய டீச்சர் அவுட்டு!" பிள்ளைகள் குதித்தார்கள்.

டீச்சர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சஷ்டிகாவின் பக்கத்தில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தார். நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டே போய்க் குனிந்தார்.

"ஏனுங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"உக்காருங்க சார்."

"ஆட்டத்த யாரு பாத்துக்கறதுங்க?"

"லீடர் தரணி பாத்துக்குவான். நீங்க உக்காருங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் நிற்கிற பிள்ளைகளின் முதுகுதான் தெரிந்தது. அவுட்டான பையன் ஒருவன் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். மேலும் மேலும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாருக்கெல்லாம் வாய்ப்பாடு வரவில்லை என்று இந்த விளையாட்டை யோசித்து யோசித்து உண்டாக்கினாரோ, அவர்கள் எல்லாரும் இங்கேதான் இருந்தார்கள். வட்டத்தில் மிச்சமிருந்தவர்களுக்கு அவர் வருவதற்கு முன்னாலேயே வாய்ப்பாடு தெரியும்.

பக்கத்தில் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. சஷ்டிகா முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருவத்திமூணு... டும்... இருவத்தஞ்சு... இருவத்தாறு... டும்..."

ஒன்றுகூடத் தப்பவில்லை. நாச்சிமுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுதே சாமி! அப்பறம் எதுக்குத் தப்பாச் சொன்ன?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையாட்டினார்.

"அங்க நின்னா எல்லாரும் என்னயவே பாக்கறாங்க சார். தப்பாயிருமோன்னு வயிறு வலிக்குது. மொதல்லயே தப்பாச் சொல்லீட்டா, இங்க வந்து உக்காந்து விளையாடலாமுங்க சார்."

நாச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு அந்தப் பிரம்பே தேவலாமாட்ட இருக்குதுங்க டீச்சர். பிரம்புன்னா அடிக்கறேன்னு எனக்காவது தெரிஞ்சிருக்கும்."

டீச்சர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். ஒரு கையில் சஷ்டிகாவையும் மறு கையில் சுண்ணாம்பு சுரண்டியவனையும் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் போனார்.

"தள்ளி நில்லுங்க, எடம் விடுங்க. எல்லாரும் வாங்க. மறுக்கா ஒண்ணுல இருந்து."

சுவரோரம் காலியாயிற்று. எண்கள் சுற்றி வந்தன. சஷ்டிகாவின் முறை வந்தபோது பழக்க தோஷம், "ஒம்பது" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பினாள். டீச்சர் பிடித்த கையை விடவில்லை. பிள்ளைகள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். டீச்சர் அடுத்த பிள்ளையைப் பார்த்தார்.

"பத்து" என்றது அது.

ஆட்டம் மேலே போயிற்று. யாரோ தப்பினார்கள், யாரோ சிரித்தார்கள், தப்பினவனும் சிரித்தான். யாரும் உட்காரவில்லை. ஒரு சுற்று வந்து மறுபடி சஷ்டிகாவிடம் நின்றது, இந்த முறையும் டும் வர வேண்டிய எண்தான். அவள் காலால் தரையைத் தேய்த்தாள்.

"டும்."

பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். வட்டத்துக்கு வெளியே கடலை மிட்டாயோடு நின்ற நாச்சிமுத்துவுக்கும் கேட்டது. மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் விளையாட்டை உண்டாக்கியவர் அல்லவா, ஒரு கவலை மட்டும் மிச்சம் இருந்தது.

"டீச்சர்... யாருமே அவுட்டாகலீன்னா ஆட்டம் எப்பங்க முடியும்?"

டீச்சர் அவர் நிற்பதற்கும் இடம் விட்டு நகர்ந்துகொண்டே சொன்னார்.

"பெல்லடிச்சா முடிஞ்சிட்டுப் போகுதுங்க சார்."