போண்டாப் பாட்டு

ஒரு காலத்தில் ஒரு சினிமாப் பாட்டு இருந்தது. மழையைப் பார்த்துக் கொஞ்சம் நில்லு என்று கெஞ்சுகிற பாட்டு. காதலி குடை இல்லாமல் வருகிறாளாம், நனைந்துவிடுவாளாம். காதலன் தெருமுனையில் குடையைப் பிடித்து நின்றுகொண்டு, மழைக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகப் பாடுவான்.

படத்தில் அது இடைவேளைக்குச் சற்று முன்னால் வந்தது. அங்கேதான் அதன் தலையெழுத்து. புல்லாங்குழல் ஆரம்பித்ததுமே தியேட்டரில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள், கூட்டம் சேர்வதற்குள் போண்டா வாங்கிவிடலாம் என்று. எழாதவர்கள், எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வா என்று சொல்லி அனுப்புவார்கள். போண்டாப் பாட்டு என்றே ஊரில் அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

பாட்டும் அதை ஒத்துக்கொள்ளும். "என்னைப் பாடுனவரே பாதியில கொட்டாவி விட்டாருல்லா" என்று தானே சொல்லிச் சிரிக்கும். போண்டாவை மட்டும் மனதுக்குள் திட்டித் தீர்க்கும். அதற்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. எழுந்து போகாமல் யாராவது ஒரு தடவை தன்னைக் கடைசி வரைக்கும் கேட்க வேண்டும். தன் உயிரே இரண்டாவது சரணத்தில்தான் இருக்கிறது என்று பக்கத்துக் கேசட்டுகளிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும். அது குடியிருந்த கேசட்டிலோ முதல் சரணம் முடிந்ததும் நாடா தீர்ந்துவிடும்.

அந்தக் கேசட் திருநெல்வேலியில் சிவசைலம் கடையில் கிடந்தது. பழைய பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிற கடை. ஒருநாள் கோமதி என்ற இன்ஜினியரிங் மாணவி வந்து, மழையை நிற்கச் சொல்கிற அந்தப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டாள். போண்டாப் பாட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னிடம் இருக்கிற குழைவையெல்லாம் கூட்டிப் பாடியது.

கோமதி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"இது யாரோ பாடிக் கெடுத்து வச்சிருக்காவ அண்ணாச்சி. எனக்கு ஒரிஜினல் வேணும்."

ஒரிஜினல் என்று அவள் சொன்னது, மெர்லின் என்ற பாடகியின் ஹெவி மெட்டல் குழு பாடியதை. போனில் இருந்த ஒரு துண்டைப் போட்டும் காட்டினாள். வரிகள் அதேதான், மெட்டும் அதேதான். கிடார்கள் உறும, டிரம்ஸ் அதிர, மெர்லின் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மழையின் சட்டையைப் பிடித்து, நிற்கிறாயா இல்லையா என்று உலுக்குவதுபோல இருந்தது.

சிவசைலம் அதையும் தேடி எடுத்து, இரண்டையும் ஒரே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். பழசு சும்மா கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

உள்ளே போனதுமே சண்டை. என் வரியையும் என் மெட்டையும் எடுத்துக்கொண்டு இப்படிக் காட்டுக்கூச்சல் போடுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று பழைய பாட்டு குதித்தது. புதுப்பாட்டு மரியாதையாகத்தான் பேசியது. எடுத்தது உண்மை, ஒவ்வொரு மேடையிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறோம், சொல்லும்போதே கூட்டம் கத்த ஆரம்பித்துவிடுகிறது என்றது. நாளைக்குக் கோமதியின் கல்லூரி மைதானத்தில் கச்சேரி இருக்கிறது, நீங்களும் வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டது.

வருகிறேன் என்றது பழைய பாட்டு. மனதுக்குள் ஒரு திட்டம் போட்டிருந்தது. முதல் சரணம் முடிந்து இவர்கள் நிறுத்தும் இடத்தில் மேடையேறி, எல்லோரும் உட்காருங்கள், மிச்சத்தை நான் பாடுகிறேன் என்று சொல்லி மானத்தை வாங்கிவிட வேண்டும். எல்லாப் பாட்டுகளுமே முதல் சரணத்தோடு தீர்ந்துபோகும் என்று பாவம் அதற்கு நினைப்பு.

மறுநாள் மைதானத்தில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. இருந்தும் ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை. ஓரத்தில் பஜ்ஜிக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பாட்டுக்கு வயிறு எரிந்தது. பென் டிரைவிலிருந்து இறங்கி, கோமதிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

முதல் சரணம் முடிந்தது. பாட்டு மேடையை நோக்கி நகர்ந்தது. அதற்குள் மெர்லின் இரண்டாவது சரணத்தை எடுத்துவிட்டாள். மைதானமே சேர்ந்து பாடியது.

அதில் மழை நிற்கவில்லை. கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோன காதலன் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, அவளோடு சேர்ந்து நனைய நடுத்தெருவுக்கு ஓடுகிறான்.

பாட்டு அசையாமல் நின்றது. உயிர் உயிர் என்று பீற்றிக்கொண்ட சரணத்தில் என்ன இருந்தது என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. இத்தனை வருஷமும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றே பழகிவிட்டது. வெட்கமாக இருந்தது.

கிடார் தனியாக ஒலிக்கும் நேரத்தில் புதுப்பாட்டு மூச்சு வாங்கிக்கொண்டு கீழே வந்தது.

"இதை ஒனக்கு யாருடே சொல்லிக் குடுத்தா?"

"மெர்லினோட அப்பா. அந்தத் தியேட்டர்ல போண்டா போட்டவரு அவருதான். வாங்க வந்தவங்க கேக்கல. அவரு அடுப்புப் பக்கத்துல நின்னு, ஒவ்வொரு காட்சிக்கும் ஒங்களைக் கடைசி வரைக்கும் கேட்டிருக்காரு."

அந்தப் போண்டாவைத்தான் பாட்டு வாழ்நாளெல்லாம் திட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அழுகை வந்துவிட்டது.

மெர்லின் மறுபடியும் அந்தச் சரணத்தை எடுத்தாள். இந்தத் தடவை பாட்டும் சேர்ந்துகொண்டது. எல்லோரையும்போலத் தலையைச் சுழற்றியது, சுழற்ற முடி இல்லை என்பதைக்கூடப் பார்க்கவில்லை. புல்லாங்குழல் தொண்டையை வைத்துக்கொண்டு கத்தியது. வரிகள் தடுமாறின. பக்கத்தில் நிற்பவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பாடியது.

கோமதி திரும்பினாள். அவள் கண்ணுக்குப் பாட்டு யாரோ ஒரு பெரியவராகத் தெரிந்தது, கண்ணெல்லாம் தண்ணீர், ஒரு வரிகூடச் சரியாக வரவில்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"இந்தப் பாட்டை இப்பதான் கேக்கியளா பெரியவரே?"

"ஆமாம்மா" என்றது பாட்டு. "முழுசா இப்பதான் கேக்கேன்."