கீரி எடுத்த நாலு லேப்

அல்லிக்குளத்தங்கரையில் விலங்குகளுக்கென்று ஓர் அறிவியல் கல்லூரி இருந்தது. செமஸ்டர் தொடங்கும் நாளில் கீரி ஒரே மூச்சில் நாலு லேப் பாடங்களுக்குப் பெயர் கொடுத்தது. மண், நீர், பூச்சி, விதை.

"உனக்கென்ன கிறுக்கா?" என்றது முள்ளம்பன்றி. விதை லேப்பில் அதுதான் கீரிக்கு ஜோடி.

"ஒரு லேப்புக்கு ஒரு கிரெடிட். நாலும் சேர்ந்தா ஒரு தியரி பாடத்தோட கனம்தான்," என்றது கீரி.

"கிரெடிட் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொண்ணும் ஒரு முழு மத்தியானத்தைத் தின்னும். அப்புறம் ரெக்கார்டு யாரு எழுதுவா?"

"பாம்பையே பிடிக்கிறவன் நான். எனக்கு ரெக்கார்டு ஒரு பெரிய விஷயமா!"

பதிவு மேசையில் இருந்த கொக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கீரி நீட்டிய பதிவு இலையில் முத்திரை குத்தி அனுப்பியது. ஒரு வார்த்தை எச்சரித்திருந்தால் அதற்கென்ன போயிற்று? சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முள்ளம்பன்றி எடுத்தது விதை லேப் ஒன்றைத்தான். அதில் தேறினால்தான் மூலிகைப் படிப்பில் இடம். காய்ச்சலில் தம்பியைப் பறிகொடுத்த நாளிலிருந்து அதற்கு வேறு நினைப்பே இல்லை.

சிரட்டைகளில் விதை ஊன்றி, இருபத்தொரு நாள் நீரூற்றி, நாற்றை அளந்து எழுத வேண்டும். ஒரு நாள் இது, மறுநாள் அது என்று முறை வைத்துக்கொண்டன.

பதினெட்டாம் நாள் கீரியின் முறை. சுட்டெரிக்கும் வெயில். கீரியோ நீர் லேப்பில், கலங்கல் தெளியக் காத்துக் கிடந்தது. கலங்கல் யாருக்காகவும் அவசரப்படவில்லை. அது தெளிந்ததும் பூச்சி லேப்புக்கு ஓடியது. நாற்று நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் காலையில் அத்தனை நாற்றுகளும் தலை சாய்ந்து கருகிக் கிடந்தன.

"மன்னிச்சுக்கோ. நேத்து முழுக்க ஓடிக்கிட்டேதான் இருந்தேன்," என்றது கீரி.

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்து நின்றன. "நீ வேகமா ஓடினா விதை வேகமா முளைக்குமா? நீ ஃபெயிலாகு, அது உன் பாடு. இந்த லேப் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். என் வருஷத்தை யாரு தருவா?"

ஒரு ரெக்கார்டையும் முடிக்க முடியாமல் நாலு லேப்பிலும் கீரி தோற்றது.

அடுத்த வருஷம் கீரி, விதை லேப்பை மட்டும் எழுதிய இலையோடு வந்தது. "இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணுதான். ஜோடி சேர்ந்துக்கலாமா?"

முள்ளம்பன்றி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதிவேட்டில் நத்தையின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனது.

ஒரு வேலை கேட்கும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் தலையில் ஏற்றிக்கொள்பவர், கூட இருப்பவரையும் சேர்த்தே கவிழ்த்துவிடுவார்.