புதருக்கு இரண்டு பக்கம்

ஒரு காட்டில் இலுப்பை மரத்தடியில் தினமும் சந்தை கூடும். அங்கே காசு கிடையாது, தினைக்கதிர்தான் பணம். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் ஒரு தரகர் இருக்க வேண்டும் என்பது அந்தச் சந்தையின் வழக்கம்.

அங்கே ஓர் அணில் வியாபாரம் செய்துவந்தது. காலையில் வாதுமைக் கொட்டை மலிவாக இருக்கும்போது நாலைந்து வாங்கும். வெயிலோடு விலையும் ஏறியதும் விற்கும். மறுபடி வாங்கும், மறுபடி விற்கும். ஒவ்வொரு தடவையும் மிஞ்சுவது சொற்பம். அடைமழைக்குள் பொந்து நிறையாவிட்டால் குட்டிகள் பட்டினி. அந்தக் கவலையில் அதற்குத் தூக்கமே வரவில்லை.

முதலில் அது மயிலிடம் போனது. தோகையைப் பார்த்தே மயங்கிவிட்டது, பாவம். மயிலோ பேரத்துக்கு ஒரு கதிர் தரகு கேட்டது. குன்று போல விளாம்பழம் விற்கும் யானைக்கு ஒரு கதிர் போனால் தெரியாது. அணிலுக்குக் கிடைத்த லாபமே அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் மயில் மூட்டை கட்டியது. அணில் வெறுங்கையோடு வீடு திரும்பியது.

அடுத்து ஆமையிடம் கேட்டது. பேரத்துக்கு ஒரு சிட்டிகை தினை போதும் என்றது ஆமை. விலையை ஊருக்கே கேட்கும்படி சத்தமாகச் சொல்வது அதன் பழக்கம்.

பக்கத்தில் இருந்த நரி சிரித்தது. "சிட்டிகை எதுக்கு, தங்கச்சி? எனக்குக் கூலியே வேண்டாம்."

அணிலுக்கு வாயெல்லாம் பல். சும்மா கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

நரி ஒரு புதருக்குள் உட்கார்ந்திருக்கும். விற்பவர் இந்தப் பக்கம், வாங்குபவர் அந்தப் பக்கம். முகமே தெரியாது. தேக்கிலைக்கு அடியில் கையை விட்டால், நரி விரலைப் பிடித்து விலை சொல்லும்; எத்தனை விரலோ அத்தனை கதிர். வெளியே தெரிந்தால் கண் பட்டுவிடும் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தது.

அணில் ஓடி ஓடி வியாபாரம் செய்தது. கால்தான் தேய்ந்தது, பொந்து நிறையவில்லை. ஒரு நாள் புதரின் மறுபக்கம் கொட்டை வாங்கிப் போன முயல், அநியாய விலை என்று புலம்பிக்கொண்டே போனது. அணிலுக்குச் சுருக்கென்றது. தான் விற்றது அடிமாட்டு விலைக்கல்லவா?

மறுநாள் அணில் கொட்டைகளை வைத்துவிட்டு, இலைக்கடியில் கையை விட்டது. நரி இரண்டு விரலைப் பிடித்தது. சரி என்று தட்டிவிட்டு, அணில் ஒரே ஓட்டமாகப் புதரைச் சுற்றி மறுபக்கம் போய், அங்கேயும் கையை விட்டது. வாங்க ஆள் வந்துவிட்டது என்று நரி நாலு விரலைப் பிடித்தது.

அணில் புதருக்குள் தலையை நீட்டியது.

"வித்தவளும் நான்தான், வாங்க வந்தவளும் நான்தான். நடுவுல ரெண்டு கதிர் எங்கே போச்சு, அண்ணே?"

நரி திருதிருவென விழித்தது. "காத்துல பறந்திருக்கும், தங்கச்சி."

"அந்தக் காத்து தினமும் உங்க வயித்துப் பக்கமாத்தான் வீசுது போல."

சந்தையே சிரித்தது. முயல் உருண்டு உருண்டு சிரித்தது. அணில் கொட்டைகளை வாரிக்கொண்டு நேராக ஆமையிடம் போனது. ஆமை விலையை உரக்கச் சொன்னது, தன் சிட்டிகையை எடுத்துக்கொண்டது, மீதியை அப்படியே தந்தது. அணில் எத்தனை தடவை வந்தாலும் அதே சிட்டிகைதான்.

அடைமழை கொட்டத் தொடங்கிய அன்று பொந்து நிறையத் தினை இருந்தது. குட்டிகள் கொறித்துக்கொண்டே எட்டிப் பார்த்தன. கீழே நரி, தேக்கிலையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நனைந்துகொண்டு போனது. அந்த இலைக்கு அன்றுதான் நியாயமான ஒரு வேலை கிடைத்தது.

நீதி: அடிக்கடி சிறு வியாபாரம் செய்பவர் குறைந்த தரகைத் தேட வேண்டும், ஆனால் கூலியே வேண்டாம் என்பவர் எதைத் தின்று வாழ்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.