கழுவாத கிளிஞ்சல்

மூங்கில் காட்டில் அந்தக் கோடையில் இரண்டே இடத்தில்தான் தண்ணீர் இருந்தது. ஒன்று பாறைச் சுனை, மற்றொன்று பச்சைக் குட்டை. குட்டைத் தண்ணீரில் வெறும் கண்ணுக்குத் தெரியாத பொடிப் புழு நெளிந்தது. அதைக் குடித்த காட்டுப்பன்றிகள் வயிற்று வலியில் சுருண்டு கிடந்ததை எல்லா மிருகங்களும் பார்த்திருந்தன. அதனால் சுனையை நம்பித்தான் காடே உயிரோடு இருந்தது.

சுனைக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ விட்டுப் போனது. அதற்குப் பொறுப்பு நீர்நாய். தினமும் காலையில் ஒரு கிளிஞ்சலில் சுனைத் தண்ணீரை எடுத்து, கண்ணாடி வழியே உற்றுப் பார்க்கும். "நல்ல தண்ணி, குடிக்கலாம்!" என்று அது சொன்ன பிறகுதான் மற்றவை வாய் வைக்கும்.

கண்ணாடி எல்லோருக்கும் பொது. ஆனால் நீர்நாயிடம் பழகி, அதன் முன்னால் தனியாகச் செய்து காட்டிய பிறகுதான் தொடலாம். அணில் அப்படிப் பழகியிருந்தது. நரிக்கோ பொறுமை கிடையாது.

"ஒரு கண்ணாடியை எட்டிப் பார்க்க ஒரு பாடமா? எனக்கென்ன கண்ணா இல்ல?" என்று கேலி செய்தது.

ஒருநாள் மாலை கண்ணாடியில் பார்க்க அணிலின் முறை வந்தது. நரி அதனிடம் குழைந்தது.

"அணில் தம்பி! குட்டைப் புழு எப்படித்தான் இருக்கும்னு ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன். உன் முறையை எனக்குக் கொடேன்!"

"நீர்நாயக்காவுக்குத் தெரிஞ்சா திட்டும் அண்ணே!"

"யார் சொல்லப் போறா? அதோ பார், அத்திப் பழம் பழுத்துக் கிடக்கு. நீ போய்ச் சாப்பிடு!"

அணில் பழத்தைப் பார்த்தது. போய்விட்டது. பாவம், நல்ல பிள்ளைதான். பழம் என்றால் மட்டும் புத்தி மட்டு!

நரி குட்டைத் தண்ணீரைக் கிளிஞ்சலில் மொண்டு வந்து பார்த்தது. அடேயப்பா, எத்தனை புழு! ஆசை தீரப் பார்த்தது. பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிளிஞ்சலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனது.

பார்த்து முடித்ததும் கிளிஞ்சலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நரிக்கு அது தெரியாது. அணிலுக்கு அது அத்தனை பழக்கமாகிவிட்டதால், சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

மறுநாள் காலை நீர்நாய் பதறிப் போனது. கிளிஞ்சல் நிறையப் புழு! மறுபடி சுனைத் தண்ணீரை மொண்டு பார்த்தது. அப்போதும் புழு!

"யாரும் குடிக்காதீங்க! சுனையும் கெட்டுப் போச்சு!"

மிருகங்கள் கலங்கின. மலைக்கு அந்தப் பக்கம் ஆறு இருக்கிறது. ஆனால் இந்த வெயிலில் குட்டிகள் அவ்வளவு தூரம் நடக்குமா? பிறந்து சில நாளே ஆன மான்குட்டிக்குக் கால்கூட இன்னும் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாம் கிளம்பின.

"குட்டையில இருக்கிற அதே புழு. இங்க எப்படி வந்துச்சுன்னே புரியல!" என்றது நீர்நாய்.

நரிக்குச் சுருக்கென்றது. சொன்னால் காட்டை விட்டே துரத்திவிடுவார்களே! வாயை மூடிக்கொண்டு நடந்தது.

"அப்பா, நாக்கு ஒட்டுதுப்பா. என்னால நடக்க முடியல" என்றது அதன் குட்டி.

நரியால் அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை.

"நில்லுங்க! தப்பு என்னோடது! நேத்து அந்தக் கிளிஞ்சல்ல குட்டைத் தண்ணி எடுத்தது நான்தான்!"

"என் முறையை நான்தான் கொடுத்தேன்" என்று அணிலும் அழுதது.

நீர்நாய் திரும்பி ஓடியது. கிளிஞ்சலைச் சாம்பல் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துச் சுனைத் தண்ணீரில் பலமுறை அலசியது. புதிதாகத் தண்ணீர் எடுத்துப் பார்த்தது. ஒரு புழுகூட இல்லை!

"நல்ல தண்ணி! குடிக்கலாம்!"

எல்லாம் திரும்பி வந்து வயிறு நிறையக் குடித்தன. தாகம் தீர்ந்ததும் கோபம் வந்தது.

"நரியைத் துரத்துங்க!" என்று கத்தின.

"துரத்தினா, அடுத்தவன் தப்பு பண்ணும்போது வாயைத் திறப்பானா?" என்று கேட்டது நீர்நாய். "கிளிஞ்சலைப் பார்க்காம தண்ணி மொண்டது என் தப்பு. இனிமே பார்க்கிறதுக்கு முன்னாடியும் கழுவணும். அணிலு, நீ மறுபடி முதல்லேர்ந்து பழகணும். நரியே, பழகி முடிக்கிறவரை நீ கண்ணாடியைத் தொடவே கூடாது!"

மறுநாள் விடியும்போதே நரி வந்து நின்றது. அது கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கையில் கிளிஞ்சல், மறு கையில் சாம்பல்.

"சரியாத் தேய்க்கிறேனா, பாருக்கா!" என்றது.

பொதுப் பொருளைப் பழகிக்கொண்டு தொட வேண்டும்; தவறு நேர்ந்துவிட்டால் உடனே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.