கண்ணை மூடிக்கொண்டு மாற்றிய சாவி

சாயல்குளத்தில் கொம்பையா, உலகநாதன், சுடலைமணி மூவரும் கூட்டாகக் கல்யாண ஸ்டுடியோ நடத்தினார்கள். மூளை கொஞ்சம் மட்டு. ஆனால் சொன்ன சொல்லை மீறமாட்டார்கள். வினையே அதுதான்.

எடுத்த படங்களை இணையத்தில் பத்திரப்படுத்த ஜெசிந்தா என்ற பெண் வந்து ஏற்பாடு செய்துகொடுத்தாள்.

“படங்களை ஒரு பெட்டியில போட்டு, யாருக்கும் புரியாதபடி கலைச்சுப் பூட்டியிருக்கு அண்ணே. இந்தப் பன்னிரண்டு சொல்லுதான் சாவி. இது போச்சுன்னா எங்க கம்பெனியாலகூடத் திறக்க முடியாது. யார்கிட்டயும் சொல்லாதீங்க, காட்டாதீங்க. அடுத்த ஆளுக்குத் தெரிஞ்சுபோனா உடனே மாத்திடுங்க.”

அவள் போனதும் காகிதத்தைக் கிழித்து, ஆளுக்கு நாலு சொல்லாக மனப்பாடம் செய்தார்கள். பிறகு அவரவர் துண்டை அவரவரே மென்று விழுங்கினார்கள். சுடலைமணி மட்டும் தண்ணீர் கேட்டான்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி கம்ப்யூட்டர் செத்தது. புதிதாக ஒன்று வாங்கி வைத்த அன்றே தங்கபுஷ்பம் வந்து நின்றாள். புருஷன் மஸ்கட்டில் இருந்தான். அவனிடம் போக விசாவுக்குக் கல்யாணப் படம் கேட்டிருந்தார்கள்.

“நாளைக்குக் கொடுக்கலேன்னா எல்லாம் போச்சுண்ணே” என்றாள், கண் கலங்க.

புதுக் கம்ப்யூட்டர் சாவி கேட்டது. கொம்பையா உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். தன் நாலு சொல்லை அடித்தான். அடுத்தவன் பார்த்துவிடக் கூடாதே என்று சுத்தமாக அழித்துவிட்டு வெளியே வந்தான். உலகநாதன் போனான், அடித்தான், அழித்தான். சுடலைமணியும் அப்படியே. பெட்டி திறக்கவில்லை.

“எவனோ தப்பா அடிச்சிருக்கான்” என்றான் கொம்பையா.

“நான் சரியாத்தான் அடிச்சேன்” என்றான் உலகநாதன்.

“என்ன அடிச்சே?”

“அதைச் சொல்லக் கூடாதே.”

“ஆமா, சொல்லிடாதே.”

தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். “அழிக்காம, ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தரா அடிங்கண்ணே!”

திரைமேல் தோள்துண்டைப் போர்த்திவிட்டு வரிசையாக அடித்தார்கள். கடைசிச் சொல்லில் துண்டு நழுவி விழுந்தது. பெட்டி திறந்தது. தாலி கட்டுகிற படம் பளிச்சென்று வந்தது.

“இருங்கண்ணே, பென் டிரைவ் வாங்கிட்டு ஓடி வந்திடறேன்!” என்று தங்கபுஷ்பம் கடைக்கு ஓடினாள்.

மூவரும் திகைத்து நின்றார்கள்.

“துண்டு விழுந்தப்போ பன்னிரண்டையும் நான் பார்த்துட்டேன்” என்றான் சுடலைமணி.

“நானும்” என்றான் உலகநாதன்.

“அப்போ அடுத்த ஆளுக்குத் தெரிஞ்சுபோச்சு. உடனே மாத்தணும்.”

புதுச் சாவி கேட்டார்கள். ‘ஒருமுறைதான் காட்டப்படும், குறித்துக்கொள்ளவும்’ என்றது கம்ப்யூட்டர். இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது என்று மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். தடவித் தடவி ‘சரி’யை அமுக்கினான் கொம்பையா. பெட்டி பூட்டிக்கொண்டது.

தங்கபுஷ்பம் மூச்சிரைக்க வந்தாள். “படம் எங்கண்ணே?”

“பத்திரமா இருக்கு தாயி. இனிமே நாங்களே தலைகீழா நின்னாலும் எடுக்க முடியாது” என்றான் கொம்பையா.

உலகநாதன் முகம் சுளித்தான். “நின்னு பார்க்காம எப்படிச் சொல்லலாம்?”

நியாயமான கேள்விதான். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, சுவரோரமாக மூவரும் தலைகீழாக நின்றார்கள். வெகுநேரம் திரையையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

“பார்த்தியா தாயி?” என்றான் கொம்பையா, அப்படியே நின்றபடி. “நான் பொய் சொல்லலை.”