ஓட்டையும் வடிகாலும்

காட்டோரத்தில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு வன பங்களா. அதன் பின்பக்கத் தோட்டத்தில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. மனசு நல்ல மனசுதான். ஆனால் கொஞ்சம் சந்தோஷம் வந்தாலே போதும், முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றுவிடும். பார்க்கிறவர்கள் கோபம் என்று நினைத்து ஓட்டம் பிடிப்பார்கள். வாய்விட்டுப் பேச அதற்கு நாதி இல்லை. அப்படித்தான் அது நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டத்தில் உடையாமல் மிஞ்சியது ஒரே ஒரு சிமென்ட் பூந்தொட்டி. அதில் ஒரு செம்பருத்திச் செடி. கோடை முழுக்க சிலுப்பன் ஓடையிலிருந்து சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. தொட்டிக்கு அடியில், இரண்டு செங்கல்லுக்கு நடுவே, ஒரு தேரை இருந்தது. தொட்டியின் அடித்துளையில் சொட்டுகிற ஈரத்தில்தான் அதன் பிழைப்பு.

சாயங்காலம் ஆனால் சிலுப்பன் தொட்டியோரம் உட்கார்ந்து புலம்பும்.

"இன்னிக்குக் கிழங்கே கிடைக்கல!"

"ம்... அப்புறம்ணே?" என்று அடியிலிருந்து தேரை கேட்கும்.

"ஓடையில முயலைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஓடிப்போச்சு!"

"ம்..."

இந்த 'ம்' கொட்டலை சிலுப்பன் ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒருநாள் காலையில் ஒரு தேன்சிட்டு வந்து செம்பருத்தியில் உட்கார்ந்தது.

"பூ நல்லா இருக்கு மாமா! ஆனா தொட்டி ஏன் இப்படிப் பாசி பிடிச்சுக் கிடக்கு? இதை அழகு பண்ணி வெச்சா, நான் இங்கேயே கூடு கட்டிடுவேன்!"

சிலுப்பனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. முள் சிலிர்த்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியது. தனக்கும் ஒரு துணை வரப்போகிறது!

அன்றைக்கே தேங்காய் நாரால் தொட்டியைத் தேய்த்துக் கழுவியது. காவிக்கல்லை நுணுக்கிக் குழைத்தது. தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, நுனியில் நாரைக் கட்டி, தூரிகையாக்கி வண்ணம் பூசியது. மூன்றாம் நாள் வண்ணம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்து விழுந்தது.

"உள்ளே ஊத்துற தண்ணி சுவர் வழியா கசியுதுண்ணே!" என்றது தேரை. "செடியை எடுத்து வெச்சுட்டுத் தொட்டியை நல்லா வெயில்ல காய விடுங்க. உள்பக்கம் தேன்மெழுகு பூசுங்க. அப்புறம் வண்ணம். அது மேல மறுபடி ஒரு கை மெழுகு. அசையாம நிக்கும்!"

சிலுப்பன் அப்படியே செய்தது. மரத்தடியில் விழுந்து கிடந்த தேனடையைப் பொறுக்கி, வெயிலில் இளக்கி, சூடேறிய தொட்டியில் தேய்த்தது. கடைசியில் அடித்துளை கண்ணில் பட்டது.

"இந்த ஓட்டையையும் அடைச்சிடுறேன்!"

"ஐயோ! அது ஓட்டை இல்லண்ணே, வடிகால்! அதை மட்டும் விட்டுடுங்க!"

"உன் வீட்டுக்கு ஈரம் நின்னு போயிடும்னு உனக்குப் பயம்! எனக்கு விருந்தாளி வர்ற நேரத்துல உன் ஒழுகல்தான் பெரிசா?"

சிலுப்பன் ஒரு உருண்டை மெழுகைத் துளைக்குள் திணித்துக் கட்டைவிரலால் அழுத்தியது. "என் தொட்டியில இனிமே ஒரு சொட்டு ஒழுகாது!"

உண்மைதான், ஒழுகவில்லை. தொட்டி காவி நிறத்தில் பளபளத்தது. செடியைத் திரும்ப நட்டு, சிட்டு வரும் வரும் என்று சிலுப்பன் குடுக்கை குடுக்கையாகத் தண்ணீர் ஊற்றியது.

"அண்ணே, தோலெல்லாம் காயுது..." என்றது தேரை ஒரு சாயங்காலம்.

"பூ பூக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்!"

பூ பூக்கவில்லை. தண்ணீர் வடிய வழியில்லாமல் வேர் அழுகியது. இலை மஞ்சளாகி உதிர்ந்தது. தேன்சிட்டு வந்து தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது.

"தொட்டி பிரமாதம் மாமா! பூ எங்கே?"

சிலுப்பன் வாயைத் திறப்பதற்குள் அது ஓடைப்பக்கம் பறந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சிலுப்பன் தொட்டியோரம் வந்து உட்கார்ந்தது.

"சிட்டு போயிடுச்சு..."

சொல்லிவிட்டுக் காத்திருந்தது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று முதலில் அதற்கே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த 'ம்' வரவில்லை.

குனிந்து பார்த்தது. செங்கல்லுக்கு நடுவே மண் வெடித்திருந்தது. தேரை உட்கார்ந்த குழி மட்டும் இருந்தது. முள்ளால் மெழுகைக் குத்திக் குத்திப் பெயர்த்தது. நாற்றத் தண்ணீர் மொத்தமும் அந்தக் குழியில் கொட்டியது. "தம்பி! தம்பி!" என்று கூப்பிட்டது. அதுவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இப்போதும் சிலுப்பன் தினமும் செடியில்லாத அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறது. அடித்துளையில் ஈரம் சொட்டுகிறது. "இன்னிக்கு என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வரப்போகிற விருந்தாளிக்காக வீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் அழகு செய்யலாம். ஆனால் தினமும் நம் பேச்சுக்கு 'ம்' கொட்டுகிறவரின் வழியை அதற்காக அடைத்துவிடக் கூடாது.