திரும்பி வரும் பல்

"கண்ண மூடுனா அதே சத்தம், அதே ரத்தம். திரும்பித் திரும்பி வருதுங்க அம்மிணி. மனசு சமமானாத்தான் நான் போயி தம்பி மூஞ்சியப் பாக்க முடியும். அது எப்பத்தானுங்க ஆகும்?"

இப்படிக் கேட்டவர் ஆறுச்சாமி. தலை முக்கால்வாசி நரைத்தவர்.

கேட்கப்பட்டவள் கனகமணி. அவரைவிட வயதில் நன்றாக இளையவள். ஆவாரம்பாளையத்துச் சந்து ஒன்றில் பட்டறை நடத்துகிறாள். மிஷின் மக்கர் செய்தாலும் சரி, மனசு மக்கர் செய்தாலும் சரி, அந்தச் சந்துக்காரர்கள் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். பாதிக் கேள்விக்குப் பதில் வராது. மீதிக்கு வேலை வரும்.

ஆறுச்சாமிக்கு வேலை வந்தது.

"ஒரு ஃபிளை கட்டர் செய்யுங்ணா."

அவர் முகம் செத்துவிட்டது.

ஃபிளை கட்டர் ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. உருண்டை இரும்பின் அடியில் சாய்வாக ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, அதில் ஒரே ஒரு பல்லைச் செருகி, ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். மில்லிங் மிஷினில் மாட்டி ஓட்டினால், அந்த ஒற்றைப் பல் வட்டமடித்துக்கொண்டே போய் இரும்பின் மேல்பரப்பைச் சீவிச் சமமாக்கும்.

இறுக்கம் போதாமல் பல் பறந்தால், துப்பாக்கிக் குண்டுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஆறுச்சாமி முன்பு செய்த கட்டரிலிருந்து அது பறந்திருக்கிறது. ஏதோ அவசரம். ஒரு ஸ்க்ரூவை இறுக்கினார், இன்னொன்றை மறந்தார். டீ குடிக்கக் கூப்பிட வந்து பக்கத்தில் நின்ற தம்பி நாச்சிமுத்துவின் இடது கண் போயிற்று.

தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறார். அன்றோடு ஊர்ப்பக்கம் போவதை விட்டார். மில்லிங் மிஷினையும் விட்டார். கனகமணியின் பட்டறையில் அரத்தைப் பிடித்து ராவிக்கொண்டு காலத்தைத் தள்ளினார்.

இப்போது தம்பியின் வலது கண்ணும் மங்குகிறது. சர்க்கரை. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். முழுசாக இருட்டிப்போவதற்குள் அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்க்கணும் என்று நெகமத்திலிருந்து சொல்லி அனுப்பினான். சொல்லி அனுப்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அண்ணன் இங்கே மனசு சமமாவதற்காகக் காத்திருக்கிறார்.

"வேற ஏதாச்சும் வேலை குடுங்க அம்மிணி."

"வேற வேலை இல்லீங்ணா."

பொய். பட்டறை நிறைய வேலை கிடந்தது.

ஆறுச்சாமி லேத்தில் இரும்பைக் கடைந்தார். காடி வெட்டினார். பல்லைத் தீட்டிச் செருகினார். ஸ்க்ரூக்களை இறுக்கினார். தண்ணீர் குடிக்கப் போனவர் பாதியில் திரும்பி வந்து மறுபடியும் இறுக்கினார். கனகமணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு வார்ப்பிரும்புக் கட்டியை மிஷினில் கட்டி ஓட்டினார்.

டொக். டொக். டொக்.

கண்ணை மூடினால் வருகிற அதே சத்தம். ஆனாலும் கட்டியின் மேல்பக்கத்தை, ஒரு முகத்தை, முடித்துவிட்டார். துடைத்துப் பார்த்தால், பளபளப்பின் மேல் இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு கோடுகள்.

அவளிடம் போய்ப் புலம்பினார். முன்னால் வெட்டிக்கொண்டு போகிற பல், சும்மா போகாமல் பின்பக்கம் சுற்றி வந்து, வெட்டின இடத்தையே திரும்பவும் உரசுகிறது என்றார். ஒரு முகத்தைக்கூட சுத்தமாக முடிக்கத் துப்பில்லாமல் போய்விட்டது தனக்கு என்றும் சொல்லிக்கொண்டார்.

கனகமணி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதற்கு ஒரு வழி ஆறுச்சாமிக்குத் தெரியும். மில்லிங் மிஷின் ஓட்டின எல்லாருக்கும் தெரியும். கட்டர் மாட்டியிருக்கும் மிஷின் ஹெட்டை ஒரு மயிரிழை சாய்த்துவிட்டால் போதும். பல் முன்னால் வெட்டும். பின்னால் வரும்போது தூக்கிக்கொள்ளும், எதையும் தொடாது.

கட்டியைப் புரட்டிப் போட்டார். ஹெட்டைச் சாய்த்தார். ஓட்டினார்.

இந்த முகத்தில் கோடெல்லாம் ஒரே பக்கமாக, கோலம் போட்ட மாதிரி விழுந்திருந்தது. குறுக்கே ஒன்றுகூட இல்லை. வெகுநாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. கட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடினார்.

கனகமணி ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அதன் விளிம்பைக் கட்டியின் குறுக்கே வைத்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள்.

"பாருங்ணா."

ஸ்கேலுக்கும் இரும்புக்கும் நடுவில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. ஓரங்கள் தொட்டன. நடுப்பகுதி குழிந்திருந்தது.

கட்டியைப் புரட்டினாள். கோட்டின் மேல் கோடு விழுந்த முகத்தில் ஸ்கேலை வைத்தாள். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"எதுண்ணா சமம்?"

ஆறுச்சாமி கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"கோடு விழுந்ததுங்க."

"பல்லு திரும்பி வந்து தொடலீன்னா?"

"ஹெட்டு நேரா இல்லீன்னு அர்த்தமுங்க."

அவள் கட்டியை அவர் கையில் கொடுத்தாள். திரும்பித் திரும்பி வருது என்று தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவக் குழாய்ப்பக்கம் நடந்தார்.

"கையெல்லாம் அப்புறங் கழுவிக்கலாமுங்ணா," என்றாள் கனகமணி. "மொதல்ல பஸ் ஏறுங்க."

நெகமத்தில் தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். போன மாதம்வரைக்கும் வாசலில் நிற்பது யாரென்று தன் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது, இப்போது எல்லாம் நிழலாட்டம்தான் தெரிகிறது என்றாள். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. ஆறுச்சாமிக்கு அதுதான் தாங்கவில்லை.

டொக், டொக் என்று மண்டைக்குள் அந்தச் சத்தம் வந்தது. அதோடேயே உள்ளே போனார்.

கட்டிலில் இருந்த நாச்சிமுத்து காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"யாரு?"

"நாந்தான்டா."

தம்பி துழாவி, எண்ணெய்க் கறுப்பு அப்பியிருந்த அந்தக் கையைப் பிடித்தான். பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். வலது கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். ஆறுச்சாமி மண்டியிட்டு, முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். தம்பியின் மூச்சு கன்னத்தில் பட்டது.

"இன்னுங் கொஞ்சம் கிட்ட வாண்ணா," என்றான் தம்பி.